அத்தான் ஓடிய ஆட்டம்

மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒருநாள் சாயங்காலம் ஒரு கண்ணாடி கிளாஸ் உடைந்தது. கை தவறி விழுந்து உடையவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை பேச்சு வேகத்தில் அதை பெஞ்சின் மேல் ஓங்கி வைத்ததில் அடிப்பாகம் விட்டுப்போனது. சூடான டீ வேட்டியில் கொட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "கம்புல பந்து இருந்தா ராசா. பந்து போயிட்டா மைல்கல்லு. நட்டு வச்ச இடத்துலயே நிக்கான். இவனுக்கும் சேத்து இன்னொருத்தன் ஓடணுமா?" என்றார். எதிர் பெஞ்சில் சலூன் அண்ணாச்சி. அவர் குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் கணக்கப்பிள்ளைக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும். "ஓடுதவன் எங்கயும் கிடைப்பான். அந்தப் பாஸப் போட இந்த ஜில்லாவுல இன்னொருத்தனக் காட்டுங்க. அவன ஓடச் சொல்லுதவன் ஹாக்கி பாக்க வரல, மாடு பத்த வந்திருக்கான்" என்றார்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது என் அத்தானைப் பற்றி. என் அக்காவைக் கட்டியவர். 'இன்னொருத்தன்' என்று கணக்கப்பிள்ளை சொன்னது என்னை. நான் கையில் ஸ்டிக்கோடு, காலில் புழுதியோடு, கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். இருவரில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாடு முழுவதும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோதும் கோவில்பட்டிப் பையன்கள் கையில் ஹாக்கி ஸ்டிக்தான் இருக்கும். கோடையில் டோர்னமென்ட் நடக்கும் நாட்களில் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைகளில் முதல் ஷிப்டை சீக்கிரமே முடித்துவிடுவார்கள். இல்லாவிட்டாலும் ஆட்கள் நிற்க மாட்டார்கள். புதூர்ப் பக்கமிருந்தெல்லாம் லாரியில் ஏறி வருவார்கள். கேலரி நிறைந்துவிட்டால் காம்பவுண்டுச் சுவர், சுவரும் நிறைந்துவிட்டால் வேப்பமரம்.

அத்தான் ஊர் அணியில் லெஃப்ட் இன், அதாவது இடது பக்கம் முன்னால் ஆடுகிறவர். அவருக்கு நேர் பின்னால், தடுத்து ஆடுகிற லெஃப்ட் ஆஃப் நான். பந்து அவர் ஸ்டிக்குக்கு வந்துவிட்டால் கேலரியில் ஒரு அமைதி விழும். எதிரே வருகிறவன் இடப்பக்கம் சாய்வதா வலப்பக்கம் சாய்வதா என்று யோசிப்பதற்குள் பந்து அவன் கால்களுக்கு நடுவே போயிருக்கும். நான்கு பேர் நிற்கிற இடைவெளியில், யாருமே இல்லாத ஓர் இடத்துக்கு அவர் பந்தைத் தள்ளுவார். பந்து போய்ச் சேரும்போது அங்கே நம் ஆள் வந்திருப்பான். அதை எப்படிப் பார்த்தார் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் பந்து பறிபோய்விட்டால் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். பறித்தவனைத் துரத்துவது என் வேலை. என் ஆளையும் பார்த்து அவர் ஆளையும் பார்த்து, ஆட்டம் முடிகிறபோது எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் சட்டை பெரும்பாலும் நனைந்தே இருக்காது. அவர் தோளில் கைபோட்டு ஊரே கூட்டிக்கொண்டு போகும். எனக்கு அதில் பெருமைதான். பெருமை மட்டும்தானா என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த ஆண்டுதான் புது கோச் வந்தார். ராணுவ அணியில் ஆடி ஓய்வு பெற்றவர், ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர். சைக்கிளில் வருவார், யாரோடும் உட்கார்ந்து டீ குடிக்க மாட்டார். முதல் வாரமே அத்தானை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "பந்து உங்கிட்ட இருக்கும்போது நீ ஆடுத. இல்லாதப்ப நாங்க பத்துப் பேருதான் ஆடுதோம்" என்றார். அத்தான் சிரித்துக்கொண்டே, "நான் பின்னால வந்துட்டா முன்னால யாரு சார் நிப்பா?" என்று கேட்டார். பையன்களும் சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை. 'உம்' என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்தார்.

அதிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. பயிற்சிக்குக்கூடக் கூட்டம் வர ஆரம்பித்தது, அத்தான் ஓடுகிறாரா இல்லையா என்று பார்க்க. கோச் சொல்வதே சரி என்று கணக்கப்பிள்ளை கட்சி. நல்ல ஆட்டக்காரனை இந்த மிலிட்டரிக்காரர் கெடுத்துவிடுவார் என்று சலூன் கட்சி. முடிவெட்டப் போகிறவன்கூட எந்தக் கட்சி என்று பார்த்துத்தான் கடையைத் தேர்ந்தெடுத்தான். டோர்னமென்ட் அரையிறுதியில் கோச் அத்தானைப் பாதி ஆட்டத்தில் வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம், ஆனாலும் கேலரியிலிருந்து தண்ணீர்ப் பாக்கெட்டும் கல்லும் பறந்து வந்தன. ஆட்டம் முடிந்து கோச் தன் சைக்கிளை எடுக்கப் போனபோது இரண்டு டயரையும் யாரோ பிளேடால் கிழித்திருந்தார்கள். அவர் அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டே வெயிலில் நடந்து போனார். அவர் பின்னால் ஊளையிட்டுக்கொண்டு ஒரு கூட்டமும் போனது.

இதெல்லாம் வெறும் ஆட்டமாக இருந்திருந்தால் பரவாயில்லை. இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஓர் அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்கும் அதிகாரி சென்னையிலிருந்து வருகிறார் என்று உறுதியாகத் தெரிந்தது. அத்தானுக்கு வயது வரம்பு முடிகிற ஆண்டு அது. தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் ஏற்றுகிற வேலையில் இருந்தார். அக்கா வீட்டில் கைக்குழந்தை. ஆட்டத்துக்கு முதல்நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, "அவியளுக்கு இதான் கடைசி வண்டி. நீ கூட நின்னு பாத்துக்கிடு, தம்பி" என்றாள். "நான் எப்பவும் நிக்கத்தான செய்யுதேன்" என்றேன்.

மறுநாள் காலை கோச் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். டயர் மாற்றியிருந்தார். என்னை ரயில்வே கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். கேட் பூட்டியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, "இன்னிக்கு அவன் ஆளு வந்தா நீ போகாத. உன் ஆள மட்டும் பாரு" என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "கோல் விழுமே சார்."

"விழட்டும்."

"இன்னிக்கு அந்த ஆபீஸர் வாராரு சார். அத்தானுக்கு வேலை…"

"தெரிஞ்சுதான் சொல்லுதேன். நீ ஓடுத வரைக்கும் அவன் ஓட மாட்டான். இப்படி நின்னுக்கிட்டே ஆடிட்டு அங்கன போனான்னா ஒரு வருசத்துல உக்கார வச்சிருவானுவ. அங்கன நீ இருக்க மாட்ட பாத்துக்கோ." கேட் திறந்தது. சைக்கிளைத் திருப்பியவர், "அவன்கிட்ட இதச் சொல்லிராத. எப்பவும் சொல்லாத. சொன்னா காரியம் கெட்டுப்போகும்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அன்றைய வெயிலில் மைதானத்துச் சரளை காலணியைத் தாண்டிச் சுட்டது. அக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்வது அவளுக்கு அடுப்படி வரைக்கும் கேட்கும் என்பது ஆட்டம் தொடங்கியதிலிருந்து என் மனதில் இருந்துகொண்டே இருந்தது. எதிரணி மதுரைப் பக்கத்து அணி. கொஞ்ச நேரத்திலேயே அவர்கள் எங்கள் பக்கம் பலவீனமாக இருப்பதைக் கண்டுகொண்டார்கள். அத்தானிடமிருந்து பந்தைப் பறித்த பையன் என்னைத் தாண்டி வந்தான். நான் என் ஆளோடேயே நின்றேன். என் கால்கள் தாமாகக் கிளம்பின. நிறுத்துவதற்குத்தான் எனக்குப் பலம் வேண்டியிருந்தது. அவன் தடையில்லாமல் உள்ளே போய் அடித்தான். கோல்.

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டாவதும் அதே வழியில் வந்தது. மைக்கில், "மறுபடியும் இடது பக்கம் திறந்து கிடக்கிறது, லெஃப்ட் ஆஃப் அசையவே இல்லை" என்றார்கள். கேலரியே என் பக்கம் திரும்பியது. "ஏலே, ஒங்க அக்கா வீட்டுல சோறு போடலையா?" என்று ஒருவன் கத்த, பெருஞ்சிரிப்பு எழுந்து, அது சட்டென்று வசவாக மாறியது. ஒரு கல் என் முழங்காலுக்குக் கீழே பட்டது. விருந்தினர் பந்தலில் அந்த அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கோச்சைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போதும் என்று ஒரு சைகை காட்ட மாட்டாரா என்றிருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன் மூன்றாவது முறையும் அத்தானிடமிருந்து பந்து போனது. அதே பையன் என்னைக் கடந்தான். அவனுக்குப் பின்னால் மூச்சிரைப்பு கேட்டது. அத்தான் ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வீட்டில் தீப்பிடித்தவர் போல. கோல் வட்டத்தின் விளிம்பில் உருண்டு விழுந்து ஸ்டிக்கை நீட்டிப் பந்தைத் தட்டினார். அவன் தடுமாறி நிமிர்வதற்குள் எழுந்தார். முழங்கை தோலுரிந்து ரத்தம் வடிந்தது. எழுந்து நிமிர்ந்தவருக்கு முன்னால் மைதானம் முழுவதும் கிடந்தது. அவர் எப்போதும் அதன் பாதியைத்தான் பார்த்திருந்தார், எதிரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. ஒரு கணம் பார்த்தார். வலது கோடியில் தனியாக நின்ற பையனுக்குக் குறுக்காக நீளமாக ஓர் அடி. அது கோலில் போய் முடிந்தது.

இடைவேளையில் கோச் அவரைக் கடந்து நடந்தார். என்னிடம் வந்து, "நீ உக்காரு" என்றார். அத்தானை என் இடத்தில் லெஃப்ட் ஆஃபாக நிறுத்தினார். இரண்டாம் பாதி முழுவதையும் நான் வெளியிலிருந்து பார்த்தேன். அத்தான் பந்தைப் பறித்தார், நிமிர்ந்தார், பிரித்துக் கொடுத்தார், மறுபடி ஓடினார். எதிரணியின் ஆட்டமே நொறுங்கிப்போனது. சமன் செய்தோம். கூடுதல் நேரத்திலும் முடிவு வராமல் வெளிச்சம் போய்விட, இரண்டு அணிக்கும் சேர்த்தே கோப்பையைக் கொடுத்தார்கள். அதனால் டீக்கடை வழக்கும் முடியவில்லை.

அதிகாரி அத்தானை எடுத்துக்கொண்டார், லெஃப்ட் ஆஃபாக. அந்த இடத்திலேயே பல வருடம் ஆடினார் அத்தான். ஊர் அணியில் கோச் அதன்பின் என்னைக் கூப்பிடவில்லை. இளையவன் ஒருவன் அந்த இடத்துக்கு வந்துவிட்டான். நான் வேலை பார்த்த, தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்திலேயே இருந்துவிட்டேன். கசப்பு இருந்ததா என்றால், இருந்தது. அக்கா அந்த ஆட்டத்துக்குப் பிறகு சில மாதம் என்னோடு பேசவில்லை. சென்னைக்குக் குடிபோகிற அன்று ஸ்டேஷனில், "என்ன கோவம்லே உனக்கு அவிய மேல?" என்று மட்டும் கேட்டாள். வழியனுப்ப வந்த கோச்சும் சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அவள் பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் வைத்தேன். நாலைந்து வருடத்தில் கோச்சும் இறந்துபோனார்.

போன வருடம் அத்தான் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார். ஒரு சாயங்காலம் இருவரும் டீக்கடைக்குப் போனோம். கணக்கப்பிள்ளைக்குக் காது மந்தம், சலூன் அண்ணாச்சிக்குக் கண்புரை. அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பழைய சண்டையைத் தொடங்கினார்கள். "கோச்சுதான் இவர மனுசனாக்குனாரு" என்றார் ஒருவர். "ஒரு கலைஞனக் கொண்டு காவக்காரனா ஆக்குனாரு" என்றார் மற்றவர். அத்தான் டீயைக் குடித்தார்.

திரும்பி வரும்போது நடையை மெதுவாக்கினார். "மாப்ள, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஃபைனல்ல நீ என் ஆளு பின்னால வரலைல்லா."

"ஆமா அத்தான்."

"வெறுத்துப்போயித்தான?"

கோச் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. "கோச் சொன்னாரு. போகாதன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னாரு" என்றேன்.

அத்தான் அப்படியே நின்றுவிட்டார். சைக்கிள்காரன் ஒருவன் மணியடித்து விலகிப் போனான். "நான் வேறல்லா நினைச்சேன். இத்தன வருசம் எனக்காவ ஓடுன பய, இனிமே முடியாதுன்னு நின்னுட்டான்னு. ஒரு நிமிசம் உம் மூஞ்சியப் பாத்தேன். அதுக்குப் பொறவு அங்கன நிக்க முடியல எனக்கு. அந்த ஆபீஸரயும் மறந்துட்டேன், கோச்சயும் மறந்துட்டேன்."

நாங்கள் நடந்தோம். எங்கள் தெரு முனை வந்ததும், "அத்தன வருசம் ஓட வச்சதுக்கு உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ஊருக்கு வாரப்பல்லாம் நினைப்பேன். வாய் வராது. இப்ப பாத்தா, கேக்க வேண்டியதே இல்ல போலுக்கு" என்றார்.

"கேளுங்க அத்தான்" என்றேன்.