கட்டில் இருந்த இடத்தில் ஒரு கூண்டு

என் மகள் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு, பெங்களூரில் தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு மிக்ஸி, துண்டு போட்டு மூடிக் கட்டிய ஒரு துணிக்கூடை. துண்டை அவிழ்த்ததும் உள்ளே இரண்டு கினிப்பன்றிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று வெள்ளையில் பழுப்புத் திட்டு; மற்றது முழுக் கருப்பு. இரண்டும் பெண். என் மனைவி வாலில்லாத எலி என்று நினைத்து இரண்டடி பின்னால் போனாள்.

“கடிக்காதும்மா. பயந்துனு கீது, அவ்ளோதான்” என்றாள் மகள்.

அந்த ஐந்து நாளும் அவள் என்னிடம் பேசியதில் பாதி அவற்றைப் பற்றித்தான். கொத்தமல்லி தினமும் வேண்டும், குடைமிளகாய் ஒரு துண்டாவது வேண்டும், காய்ந்த புல் எந்நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டும். கிளம்புகிற அன்று, டாக்ஸியில் ஏறுவதற்கு முன் கடைசியாகச் சொன்னதும் அதுதான்: “ப்பா, பெரிய கேஜா வாங்கு. ஒசரம் வேணாம். நீளம்தான் வேணும்.”

நான் தலையாட்டினேன். வேறு ஏதாவது சொல்வாள் என்று கார்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் நகர்ந்துவிட்டது.

நாங்கள் இருப்பது கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீடு. சிமென்ட் ஷீட் கூரை. முன்னறையில் மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே வரும். சமையலறையில் புகை. கினிப்பன்றிக்குச் சூடும் ஆகாது, புகையும் ஆகாது. மிச்சம் இருந்தது உள்ளறை. அங்கே ஒரு பீரோ, மனைவியின் தையல் மெஷின், வடக்கு ஜன்னலை ஒட்டி மகளின் இரும்புக் கட்டில். பீரோவுக்கும் மெஷினுக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை டேப் வைத்து அளந்துகொண்டு ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போனேன்.

மீனும் லவ் பேர்ட்ஸும் விற்கிற கடை அது. கினிப்பன்றி என்றதும் கடைக்காரர் உள்ளே போய் ஒரு முயல் கூண்டை இழுத்து வந்தார். மூன்று மாடி. மாடிக்கு மாடி ஏறச் சின்னச் சாய்பலகை. தரை முழுக்கக் கம்பி வலை, அதற்குக் கீழே கழிவு விழ ஒரு தட்டு.

“நீளமா எதுவும் இல்லீங்களா?” என்றேன்.

“இது மூணு மாடி சார். மூணையும் சேத்தா நீளம்தான?” என்றார்.

அந்தக் கணக்கு தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் அது இரண்டடிக்குள் அடங்கியது. கட்டிலைத் தொட வேண்டியதில்லை. வாங்கிவிட்டேன்.

ஆட்டோவிலிருந்து இறக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். “இன்னாபா அது?” என்று கேட்டார். கேஜ் என்றேன். எங்கள் ஊரில் கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்க ஷாஃப்டில் இறக்குகிற, அடுக்கடுக்கான இரும்புப் பெட்டிதான். அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “மூணு டெக்கு. எத்தினி பேரு எறங்கலாம்?” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். மகள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இருபத்து மூன்று வருஷம் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை செய்தேன். விடியும் முன் ரயில். திரும்பி வரும்போது மகள் தூங்கிப் போயிருப்பாள். ஏழாவது படிக்கும்போது தனக்கென்று கட்டில் வேண்டும் என்று கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து, காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே உள்ளறைக் கதவருகில் ஒரு நிமிஷம் நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு காலை மடக்கி, போர்வையை உதைத்துத் தள்ளியிருப்பாள். அவள் ஸ்கூல் மேடையில் பேசியதை நான் பார்த்ததில்லை. அவள் சைக்கிள் கற்றுக்கொண்டதையும் பார்த்ததில்லை. அவள் தூங்குவதை மட்டும் வேண்டிய அளவு பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்றதும், அவள் கோலாரிலேயே ஏதாவது ஆஸ்பத்திரிக்கு மாறிவிடுவாள், வீட்டிலிருந்தே போய் வருவாள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் ஓய்வு பெற்று நான்கு மாதத்தில் அவள் போய்விட்டாள்.

என் மனைவி சனிக்கிழமைதோறும் அந்தக் கட்டிலின் விரிப்பை எடுத்துத் துவைத்து, காய்ந்ததும் மறுபடி விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கினிப்பன்றிகள் அந்தக் கூண்டில் மாடி ஏறவே இல்லை. கீழ்த்தட்டின் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. நான் கொத்தமல்லிக் கவரைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் மட்டும் ‘வீக் வீக்’ என்று கத்தும். மூன்று வாரம் போனதும் கருப்பு, பின்னங்கால் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கால் சிவந்து வீங்கியிருந்தது.

துணிக்கூடையில் வைத்து, மாடுகளையே அதிகம் பார்க்கிற கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் காலைப் பார்த்துவிட்டு, “எதுமேல நிக்குது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கம்பி என்றேன். “உங்கள செருப்பில்லாம நாள் பூரா கம்பி மேல நிக்க வெச்சா?” என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார். கூண்டை மாற்றாமல் களிம்பு பூசிப் பயனில்லை என்றும் சொன்னார்.

மகளிடம் மறைத்தேன். அட்டை வெட்டிக் கம்பி மேல் போட்டேன்; ஒரே நாளில் நனைந்து நாறியது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவளே பார்த்துவிட்டாள்.

“ஏம்ப்பா அது கால தூக்கினு நிக்குது?”

சொன்னேன். அவள் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அதான் நீளமா வாங்குன்னு சொன்னேன்.”

“எடம் எங்கம்மா கீது?”

“என் கட்டில எடுத்துட்டா எடம் ஆயிடுமே ப்பா. அது சும்மாதான கீது” என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி ஃபோனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் கட்டிலைக் கழற்றலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

“நாளைக்கே அவ வந்து நின்னா?” என்றாள் அவள்.

“நாளைக்கு எப்டி வருவா?”

அவள் எழுந்துபோய், கருப்பை எடுத்து மடியில் வைத்துக் களிம்பு பூசினாள். முதல் நாள் இரண்டடி பின்னால் போனவள். பூசி முடித்துவிட்டு, “கழட்டிடுங்க” என்றாள். “ஆனா விக்காதீங்க.”

மறுநாள் காலை கழற்றினோம். போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனரை நான் திருப்ப, சட்டத்தை அவள் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சட்டம் விடுபட்டபோது கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, ஆளைப் படுக்க வைப்பது போல மெதுவாகத் தரையில் இறக்கினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் சட்டங்களைக் கயிற்றால் கட்டிப் பரண்மேல் ஏற்றினேன்.

கூண்டை இந்தமுறை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தேன். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். சுற்றிலும் கால் நுழையாத சின்னக் கண் வலை. முன்பக்கம், இரண்டு கையும் போகிற மாதிரி அகலமான கதவு. அடியில் பலகை, அதன்மேல் ரெக்ஸின். பட்டறைக்காரர் மேலே மூடி வேண்டாமா என்றார். பூனை வரும், வேண்டும் என்றேன். வலையின் ஓரங்களை அவர் அரம் வைத்துத் தேய்த்துக் கொடுத்தார். நான் விரலால் முழுக்கத் தடவிப் பார்த்துத்தான் எடுத்து வந்தேன். மனைவி பழைய கம்பளியை வெட்டி, ஓரம் அடித்து, மாற்றி மாற்றிப் போட இரண்டு விரிப்பு தைத்தாள். ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு அட்டைப் பெட்டி வைத்து, இரண்டிலும் இரண்டிரண்டு வாசல் வெட்டினேன். ஒன்று மற்றதை உள்ளே மடக்கி வைக்கக் கூடாதாம், மகள் சொல்லியிருந்தாள். காற்று அடிக்கிற நாளில் சுரங்கக் கழிவு மண்மேட்டுத் தூசி ஜன்னலில் வரும் என்பதால் அங்கே மெல்லிய துணி கட்டினோம்.

இரண்டையும் உள்ளே விட்டோம். முதலில் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டன. நான் பக்கத்து ஊரான பேத்தமங்களாவிலிருந்து ஸ்கூட்டரில் கொண்டுவந்திருந்த புல்லை ஒரு கோடியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளை தலையை நீட்டிப் பார்த்தது. ஐந்தடியையும் ஒரே ஓட்டமாக ஓடியது. திரும்பி வரும்போது நடுவழியில் நான்கு காலும் தரையை விட்டுத் துள்ளியது. கருப்பும் பின்னாலேயே ஓடியது. என் மனைவி சத்தமாகச் சிரித்து, “இதுக்கு இன்னா ஆச்சி?” என்றாள்.

கருப்பின் கால் ஆற ஒரு மாதம் ஆனது.

புதுக் கூண்டை மகளுக்கு வீடியோவில் காட்டினேன். நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். பிறகு, “ஃபோன கொஞ்சம் மேல தூக்குப்பா” என்றாள். தூக்கினேன். வெறும் சுவரையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீதானம்மா எடுக்கச் சொன்ன” என்றேன்.

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றாள். “இவ்ளோ சீக்கிரம் எடுத்துடுவீங்கன்னு நெனைக்கல.”

பரண்மேல்தான் இருக்கிறது, விற்கவில்லை என்றேன். அவசரமாகச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அதன்பிறகு அவள் தினமும் கூப்பிட ஆரம்பித்தாள். அங்கே அவளுக்கு டீ இடைவேளை, இங்கே சாயங்காலம். நான் கூண்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஃபோனைச் சுவரில் சாய்த்து வைப்பேன். வார்டில் ஒரு பாட்டி தினமும் இவள் பெயரைத் தப்பாகக் கூப்பிடுவதைச் சொல்வாள். பனியில் வழுக்கி விழுந்ததைச் சொல்வாள். கோபம் வந்தால் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவாள் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். எத்தனை வருஷமாக அப்படிச் செய்கிறாளோ.

நேற்று லீவு பற்றிக் கேட்டேன். பொங்கலுக்கு வருவதாக இருந்தது.

“கெடைக்கல ப்பா. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“சரிம்மா” என்றேன்.

இடைவேளை முடிந்து அவள் போய்விட்டாள். கினிப்பன்றிகள் இரண்டும் வலையைப் பிடித்து எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கத்தின. கொத்தமல்லியை ஒவ்வொரு காம்பாகக் கொடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி காபி ஆறுகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னொரு காம்பை எடுத்தேன்.