பூனைக்கும் அவருக்கும் ஒரே பாட்டில்

எனக்குப் பூனை ஆகாது. கல்யாணமான புதிதிலேயே அதைச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார், கேட்டதோடு சரி. புதுச்சத்திரத்தில் ரோட்டோரம் லாரி டயர் கடை வைத்திருந்தார். ஒருநாள் பழைய டயருக்குள் கிடந்த சாம்பல் நிறக் குட்டியொன்றைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

குட்டி வளர்ந்து கொழுத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் திடீரென்று இளைக்க ஆரம்பித்தது. எவ்வளவு தின்றாலும் எலும்பு துருத்தியது. தொட்டித் தண்ணீரை ஓயாமல் நக்கியது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் அது மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்ததை அவர்தான் பார்த்தார். அவருடைய சர்க்கரை வியாதியும் முதலில் எறும்பால்தான் தெரிந்தது.

"ஏம்புள்ள, எனக்கு வந்தது இதுக்கும் வந்துருச்சாட்ட இருக்குது," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூடையில் வைத்து நாமக்கல் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் எருமையும் கோழியும் பார்த்துப் பழகியவர். சோதித்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். மனிதருக்குப் போடும் இன்சுலினையே துளியூண்டு போடலாம் என்றார். ஆனால் ஊசி போட்டால் தீனி வயிற்றுக்குள் போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஊசியே ஆளைக் கொன்றுவிடும் என்று எச்சரித்தார். ஆளை என்றுதான் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரே பாட்டிலில் இரண்டு பேருக்கு மருந்து. செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி வருவார். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ஈர மணல் நிரப்பிய பானைக்குள் பாட்டில் இருக்கும். காலையில் கண்ணாடி ஊசிகளை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கொடுப்பேன். முதலில் தன் தொடையில் குத்திக்கொள்வார். பிறகு பூனையின் பிடரித் தோலைத் தூக்கி அதற்கு. "ஆச்சு சாமி, ஆச்சு," என்பார். ஊசியைத் தொடுவது அவர் வேலை, தட்டு வைப்பது என் வேலை. அவருக்குக் கேப்பைக்களி, அதற்கு அவித்த முட்டையும் கோழி ஈரலும். சர்க்கரை டப்பாவை வீட்டைவிட்டே ஒழித்தேன்.

"பூனைக்கே ஊசின்னா, உங்கூட்டு எலிக்கு டானிக் குடுப்பீங்களாட்ட இருக்குது," என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். பூனை தேறியது. என் காலை உரசிக்கொண்டு தட்டுக்கு முன்னால் நடந்து வரும். ஆகாத பூனைதான், ஆனாலும் முட்டையை உடைக்கும்போது ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

அவர் உயிர் போனதும் அப்படி ஒரு காலை நேரத்தில்தான். தனக்குப் போட்டுக்கொண்டார், பூனைக்குப் போட்டார். "தட்டு வரட்டும் புள்ள," என்றார். நான் வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். தட்டு என் கையிலிருந்து விழுந்தது. சிதறிய முட்டையைக் கோழிகள் கொத்திக்கொண்டு போயின. ஓடிவந்த ஊர் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, மாரடைப்பு, முடிந்துவிட்டது என்றார்.

சாவு வீட்டில் அடுப்பெரியாது. சனம் கூடிவிட்டது. நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியபோது பூனை கட்டிலடியிலிருந்து தள்ளாடி வந்து, அவர் காலருகே விழுந்து கிடந்து நடுங்கியது.

"எசமான் போனது அதுக்குத் தெரிஞ்சிருச்சுங்க. கூடவே போகப் பாக்குது," என்றார் ஒரு பெரியவர். பெண்கள் சிலர் கும்பிட்டார்கள். என் நாத்தனார் வாய்விட்டு அழுதார். எனக்கு மட்டும் வேறு ஒன்று தெரிந்தது. அதன் உடம்பில் ஊசி ஏறியிருக்கிறது, வயிற்றில் ஒன்றுமில்லை.

எழுந்தேன். உடனே இனிப்பு உள்ளே போக வேண்டும், வீட்டிலோ ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து சனத்துக்கென்று தூக்குப்போசியில் சர்க்கரை போட்ட டீ வந்திருந்தது. டம்ளரில் ஊற்றி ஆற்றி, அதில் விரலை நனைத்துப் பூனையின் ஈறில் தடவினேன். மறுபடி நனைத்தேன், மறுபடி தடவினேன்.

"புருசனப் போட்டுட்டுப் பூனைக்கு டீ ஊட்டறயே, உனக்கென்ன புத்தி பெரண்டுருச்சா?" என்றார் நாத்தனார்.

"அவரு கடைசியாப் போட்ட ஊசிங்க. அதுல இது சாகக் கூடாதுங்க," என்றேன்.

வெகுநேரம் கழித்து அது என் விரலை நக்கியது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. பூனைக்காக அழுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மதியம் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை, ஊசி நேரத்துக்குப் பூனை அவர் உட்கார்ந்து ஊசி போடும் முக்காலிக்குக் கீழே போய் உட்கார்ந்து, பிடரியைக் காட்டிக் காத்திருந்தது. முதலில் தட்டை வைத்து அது தின்பதைப் பார்த்தேன். பிறகு முதல் தடவையாக ஊசியைக் கையில் எடுத்தேன். அவர் செய்ததுபோலப் பிடரித் தோலைத் தூக்கினேன். "ஆச்சு சாமி," என்று சொல்ல நினைத்தேன், சொல்லாமலே குத்தினேன்.

அவர் இருந்தவரை பாட்டில் சீக்கிரமே காலியாகிவிடும், அடுத்ததற்கு அலைவார். இப்போது பூனைக்குத் துளி எடுத்தது போக, பாட்டில் அப்படியே இருந்தது. வாரங்கள் போயின. ஒருநாள் குலுக்கிப் பார்த்தால் மருந்து திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக இருந்தது. பாதிக்கு மேல் மிச்சம். கெட்டதைப் போட முடியாது, பூனைக்கு வேறு வாங்க வேண்டும். பொடக்காலிக்குக் கொண்டுபோய் மண்ணில் கொட்டினேன். பூனை கூடவே வந்து நின்றது. அந்தப் பாட்டிலில் அதன் பங்கு தீர்ந்துவிட்டது. நான் கொட்டியது முழுக்க அவருடையது.