‘ஏங்க’ என்றால் ஓடி வருகிறவன்

நான் நாய் வளர்ப்பதைப் பற்றிப் புத்தி சொல்ல வருகிறவர்கள், முதலில் என் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு நானே காபி போட்டுக் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். கேட்பேன், அவ்வளவுதான். அதன்படி செய்ய மாட்டேன்.

இதெல்லாம் நடந்தபோது அறந்தாங்கியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்த்தேன். கூட இரண்டு நாய்கள். ஒரு அடைமழையில் தாமாகவே உள்ளே வந்து தையல் மெஷினுக்கு அடியில் படுத்தவை, மழை விட்ட பிறகும் போகவில்லை. பழுப்பு நிறத்தில் இருந்தவன் பெரியவன், கறுப்பாக இருந்தவள் சின்னவள். அதற்கு மேல் பெயர் எதுவும் வைக்கவில்லை. வைத்திருந்தால் பின்னால் அத்தனை வம்பு வந்திருக்காது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

இரண்டுக்கும் ஒரே வியாதிதான். யாராவது எந்நேரமும் தங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். துணியை வெட்டத் தரையில் விரித்தால் பெரியவன் நட்ட நடுவில் வந்து மல்லாக்கப் படுப்பான். மெஷினில் உட்கார்ந்தால் சின்னவள் பெடல் மேல் தலையை வைத்துக்கொள்வாள். ஒருமுறை பெரியவன் காலில் கருவேல முள் ஏறிவிட, மடியில் போட்டுத் தடவிக்கொடுத்து எடுத்தேன். போச்சு! அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் நொண்டுவான். வந்தவர் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லும்வரை நொண்டுவான். எந்தக் காலில் முள் ஏறியது என்பது மட்டும் அந்தக் களவாணிக்கு நினைவிருக்காது. காலையில் வந்தவருக்கு இடது கால், சாயங்காலம் வந்தவருக்கு வலது கால்.

சின்னவளுக்கு அளவு ஜாக்கெட் என்றால் உயிர். அளவு பார்க்க ஒருத்தி கொடுத்துவிட்டுப் போன பழைய ஜாக்கெட்டைக் கவ்விக்கொண்டு தெருமுனைவரை ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். எதிரே வந்தவள் அந்த ஜாக்கெட்டுக்குச் சொந்தக்காரி.

“ஏக்கா, அது என்னோடதுல்ல?”

“ஒன்னோடதுதான். காத்தாட அனுப்பிருக்கேன், பேசாமப் போ” என்றேன்.

கோபம் வராதா என்றால், வரும். ‘சனியனே, எங்கிட்டாச்சும் தொலைஞ்சு போ’ என்று கத்துவேன். உடனே இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காரும். திட்டினாலும் தங்களைப் பார்த்துத்தானே திட்டுகிறாள் என்று அவ்வளவு சந்தோஷம்.

வம்பு ‘ஏங்க’ என்ற சொல்லில் வந்தது. எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். நானும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ‘ஏங்க’தான். சாயங்காலம் அவர் வீடியோ காலில் வந்தால், ‘ஏங்க, சாப்டீங்களா?’ என்று தொடங்குவேன். நான் வேறு யாரையோ பார்த்துச் சிரிப்பது பெரியவனுக்குப் பொறுக்காது. மடியில் ஏறி, போனுக்கும் என் முகத்துக்கும் நடுவில் மூக்கை நீட்டுவான். அவர் அங்கிருந்து, “என்னடி, நாயைக் காட்டுற?” என்பார். பெரியவனைச் சும்மா இருக்க வைக்க ஒரு பிஸ்கட் கொடுப்பேன். தினமும் இதே கதை. ‘ஏங்க’ என்றால் பிஸ்கட், ஆகவே ‘ஏங்க’ என்பது தன் பெயர் என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

எனக்கு அது தெரியவே தெரியாது. மாடியில் இருந்த ஓனரம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். அவரும் தன் வீட்டுக்காரரை ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுவார். அவர் அடுப்படியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓனர் பேப்பரை மடிப்பதற்குள் பெரியவன் மாடிப்படி ஏறிப் போய் எதிரே நிற்பான். ஓனரம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். ஓனர் சிரிக்க மாட்டார்.

ஓனர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு இரண்டையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தேன். தைத்த துணியை வாங்க வந்த ஒருத்தி கதவைத் திறந்ததும், மேலே ஓனரம்மா, “ஏங்க, கொஞ்சம் இங்கிட்டு வாங்க” என்று கூப்பிட்டதும் ஒரே நேரம். பெரியவன் பறந்துவிட்டான். நான் மூச்சு வாங்கப் படியேறிப் போய்ப் பார்த்தால், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நடு ஹாலில், ஓனருக்குப் போட்டிருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். ஓனரோ வேட்டியைச் சரிசெய்துகொண்டு அப்போதுதான் அறையிலிருந்து வெளியே வருகிறார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் சொன்னார்: “பரவால்லயே, சம்பந்தி கூப்பிட்ட கொரலுக்கு வந்துட்டாரு!”

வீடே சிரித்தது. கல்யாணப் பெண்ணும் சிரித்தாள். சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தால், எடுத்ததும், “எந்தச் சம்பந்தி பேசுறது?” என்றுதான் கேட்டார்களாம். ஓனரால் அதைத் தாங்க முடியவில்லை. இனிமேல் தன்னை ‘ஏங்க’ என்று கூப்பிடக் கூடாது என்று மனைவிக்கு உத்தரவு போட்டார். அந்த அம்மா யோசித்து, ‘இந்தாங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தார். நாய்க்கு எதைக் கொடுத்தாலும் ‘இந்தா’ என்று சொல்லித்தானே கொடுக்கிறோம்? இப்போது பெரியவனோடு சின்னவளும் சேர்ந்து மாடிக்கு ஓடினாள்.

மறுநாளே ஓனர் கீழே இறங்கி வந்தார்.

“ஏம்மா, முடிவாச் சொல்றேன். கல்யாணம் நெருங்குது. ஒண்ணு நாயை எங்கிட்டாச்சும் கொண்டு போயி விடு. இல்ல, வீட்டைக் காலி பண்ணு.”

“எங்க கொண்டு போயி விடச் சொல்றீங்கண்ணே?”

“கொடும்பாளூர்ப் பக்கம் விட்டா திரும்பி வர வழி தெரியாது. வேன் நானே ஏற்பாடு பண்றேன்.”

என்னை நிற்க வைத்து, என் கண் முன்னாலேயே, இரண்டும் வழி தெரியாமல் தொலைந்து போக வேன் பேசுகிறார் மனுஷன். கால் மாற்றி நொண்டத் தெரிந்த பயலுக்கு, ஊர் தெரியாத ரோட்டில் யாரிடம் போய் நொண்டுவது என்று தெரியுமா? சின்னவள் லாரிக்கு முன்னால் போய் வால் ஆட்டுவாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன்.

“ஓனர் சொல்றதுதாண்டி நியாயம். தனியா இருக்கிறவ நீ. ஒரு நாய்க்காக வீட்டை விடுவாங்களா? கொண்டு போயி விட்டுரு.”

மறுநாளிலிருந்து வீடு தேடினேன். ‘நாய் இருக்கா?’ என்றார்கள். ‘இருக்கு’ என்றேன். கேட்டைச் சாத்தினார்கள். ‘இல்லைன்னு சொல்லி உள்ள போயிரு, பெறகு பாத்துக்கலாம்’ என்று கூட்டாளி ஒருத்தி யோசனை சொன்னாள். நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? திருடவா செய்தேன்? கடைசியில் கீரமங்கலம் ரோட்டில் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. தோப்புக்குள் போட்ட கடலையை மயில் கிளறுகிறது, விரட்ட நாய் இருந்தால் நல்லது என்று தோப்புக்காரரே சொன்னார். டவுனிலிருந்து தூரம்தான். பாதிப் பேர் தைக்கத் துணி கொண்டு வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாவியை வாங்கினேன்.

வாங்கிய பிறகு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் குதித்தார்.

“யாரைக் கேட்டு முடிவு பண்ணின? அந்த நாய்ங்கதான் ஒனக்குப் பெருசாப் போச்சா?”

“நான் கேக்குறதுக்குக் கூப்பிடலைங்க. சொல்றதுக்குக் கூப்பிட்டேன்.”

“அப்படி என்னடி இருக்கு அந்த நாய்க்கிட்ட?”

சொன்னேன். “எனக்குக் காய்ச்சல்னாலும் ‘ஏங்க’ன்னுதான் மொனகுறேன். வழுக்கி விழுந்தாலும் ‘ஏங்க’ன்னுதான் கத்துறேன். இத்தனை வருசத்துல அதைக் கேட்டு ஓடி வந்தது அது ஒண்ணுதாங்க.”

அந்தப் பக்கம் அவர் வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

“லீவு கேட்டுப் பாக்குறேன்” என்றார்.

“வாங்க. நாயைக் கொண்டு போயி விடுறதுக்குன்னா வராதீங்க.”

போனை வைத்துவிட்டு மெஷினைக் கழற்ற ஆரம்பித்தேன்.