கேட்டுக்கு உள்ளே போன கூலிப்படை நாவல்

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பழைய பேப்பர் கடை உண்டு. எடைக்கு வரும் இங்கிலீஷ் புத்தகங்களைக் கடைக்காரர் தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பார். ஐடிஐ முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வந்தேன். அட்டையில் செத்த குதிரை, அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும் ஒரு சிப்பாய். வாளை உயர்த்திப் பிடிக்காமல் ஷூவைக் கழற்றினானே, அதற்காகத்தான் வாங்கினேன்.

அதிலிருந்து அந்த மாதிரி நாவல்களைத் தேடித் தேடிப் படித்தேன். அவற்றில் மந்திரம் உண்டு, யுத்தம் உண்டு. நல்லவன் என்று கைகாட்டத்தான் ஆள் இருக்காது. எந்த ராஜா கூலி கொடுக்கிறானோ அவனுக்காகச் சண்டை போடும் கூட்டம், மழையில் நனைந்துகொண்டு, பேன் கடியோடு, யாருடைய சண்டை என்றே தெரியாமல் செத்துப்போகும். எனக்கு அந்த ஆட்களைப் பிடித்திருந்தது. ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

எங்கள் கம்பெனியில், இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப்பில், எனக்கு அடுத்த மிஷினில் ஒரு அண்ணன் நின்றார். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். டிப்ளமோ படித்தவர். முன்னால் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டதால் இங்கே கான்ட்ராக்ட்டில் வந்து சேர்ந்தார். நான் பெர்மனன்ட், அவர் கான்ட்ராக்ட். செய்தது ஒரே வேலை. வேப்பம்பட்டிலிருந்து வந்து, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, மறுபடி வடக்கே கும்மிடிப்பூண்டிக்கு வர வேண்டும். ஒரு நாளில் பாதி அவருக்கு ரயிலிலேயே போனது.

"போன நோண்டி நோண்டி கண்ணு எரியுது நைனா. உன் கையில கீதே, அது இன்னா புக்கு?" என்று ஒருநாள் கேன்டீனில் கேட்டார்.

"சண்டக் கதைணா."

"ராஜா கதையா? வேணாம்பா."

"ராஜா கதை இல்லணா. ராஜாகிட்ட கூலிக்குப் போறவனுங்க கதை."

அவர் கையை நீட்டினார். ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில் யூனிஃபார்ம் மாற்றும்போது, "அந்தக் கதையில வர்ற பொம்பள காயத்தத் தொட்டா ஆறிடுது, ஆனா காயம்பட்டவனோட ஞாபகத்துல ஒண்ணு போயிடுதே! பெத்த கொழந்த பேரையே மறந்துட்டான்பா அவன்" என்றார். முகம் நிஜமாகவே வாடியிருந்தது. அதற்குப் பிறகு நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் படித்தார். தெரியாத வார்த்தையைப் பென்சிலால் சுழித்துக்கொண்டு வந்து கேட்பார். பாதி எனக்கும் தெரியாது.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வேலைநிறுத்தம் வந்தது.

சம்பள ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போனது. கேள்வி கேட்ட இரண்டு பேரை வெளியே அனுப்பினார்கள். பெர்மனன்ட் ஆட்கள் எல்லோரும் வெளியே வந்து, கேட்டுக்கு எதிரே சாலையோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். முதல் சில நாள் கோஷம், பாட்டு, சிரிப்பு என்று கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. அப்புறம் ஒரு காலையில் கம்பி வலை போட்ட ஜன்னலோடு பஸ்கள் வந்தன. கான்ட்ராக்டர் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து உள்ளேயே தங்கவைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. எல்லோரும் எழுந்து "கருங்காலி, கருங்காலி" என்று கத்தினார்கள். இரண்டாவது பஸ்ஸில், ஜன்னலோரம், அண்ணன் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார்கள். அவர் மூடவில்லை. என்னைப் பார்த்தார். பஸ் கேட்டுக்குள் நுழையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மழை ஆரம்பித்தது. பந்தல் ஒழுகியது. லேபர் ஆபீஸில் பேச்சுவார்த்தைக்குக் கம்பெனிக்காரர்கள் வரவே இல்லை. கூட உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருத்தர் மயங்கி விழுந்தார். என் மனைவிக்கு ஏழாம் மாதம். கவரைப்பேட்டையிலிருந்து தினமும் நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து நிற்பாள். "இன்னைக்காவது முடியுமா?" என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்காமல் நின்றதுதான் தாங்க முடியவில்லை.

அந்த சமயத்தில் போனில் மெசேஜ் வந்தது. அண்ணன்தான். "நைனா, அடுத்து இன்னா படிக்கலாம்?"

எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். என் சோற்றில் கை வைத்துவிட்டுக் கதை கேட்கிறாரே என்று மனைவியிடம் கத்தினேன். அவள் போனை வாங்கிப் பார்த்தாள். "புக்கா கேக்கறாரு? உன் மூஞ்சியப் பாத்துப் பேச வேற வழி தெரியல அவுருக்கு" என்றாள்.

நான் படித்ததிலேயே இருட்டான நாவலின் பெயரை அனுப்பினேன். போனிலேயே படிக்கக் கிடைக்கும். முற்றுகைக்கு உள்ளே மாட்டிக்கொண்ட கூலிப்படையின் கதை. கூலி கொடுத்த பிரபு பாதியில் தப்பி ஓடிவிடுவான். இவர்கள் மட்டும் கோட்டைக்குள் குதிரைத்தோலை வேகவைத்துத் தின்றுகொண்டிருப்பார்கள். அவருக்கு உறைக்கட்டும் என்றுதான் அனுப்பினேன்.

உறைத்தது. ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. பதில்கள் வர ஆரம்பித்தன. ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுக்கிறார்கள். முதலில் பிரியாணி போட்டார்கள், இப்போது சாம்பார் சாதம், அதுவும் புளித்து வருகிறது. மகளுக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கேட்டதற்கு, போனால் திரும்பி வராதே என்றார்களாம். "அந்தக் கோட்டையில இருக்கறவனுங்க மேலு நைனா. அவனுங்க கிட்ட கத்தியாவது கீது" என்று எழுதியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் இன்னொன்று வந்தது. "என்னிய உன் பிரஸ்ல போட்டுட்டாங்க. பெடல் ஒரு மாதிரி கீது. எப்டி ஓட்டறதுன்னு சொல்றியா?"

என் மிஷினைப் பற்றி எனக்குத் தெரியும். பெடலை ஒரு தடவை மிதித்தால் மேலிருந்து அச்சு ஒரு தடவைதான் இறங்க வேண்டும். அது எப்போதாவது, மிதிக்காமலே இரண்டாம் தடவையும் இறங்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. எத்தனையோ தடவை சொல்லியும் மாற்றவில்லை. நான் கையை உள்ளே விடாமல் தகட்டை இடுக்கியால் எடுத்துப் பழகியிருந்தேன்.

மெசேஜைப் பார்த்தபோது பந்தலில் சங்கத்துச் செயலாளர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவர். தூங்காமல் கண் சிவந்து, வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "பழகாத கை. எவனாவது ஒருத்தன் கைய வுட்டுக்குவான் பாரு. அப்போ தெரியும் நம்ம அருமை. அன்னிக்கு நம்மள கூப்புடுவான்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் அதே கணக்கைப் போட்டு வைத்திருந்தவன்தான். எங்களுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

எழுந்து டீக்கடைக்குப் பின்னால் போய் அவருக்குப் போன் செய்தேன். எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்கள்.

"கைய வுடாதணா. எது மாட்டினாலும் கைய வுடாத. அது ரெண்டாவது வாட்டி தானா எறங்கும். மோட்டார நிறுத்து, கிளட்ச் ஸ்பிரிங் மாத்தற வரைக்கும் ஓட்ட மாட்டேன்னு சொல்லு."

அந்தப் பக்கம் மிஷின்கள் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இத்த என்கிட்ட சொன்னா உங்க ஆளுங்களுக்கு நஷ்டம்பா" என்றார்.

"வைணா" என்று நானே கட் செய்தேன். பந்தலுக்குத் திரும்பி, செயலாளர் நீட்டிய பொறை பிஸ்கட்டை வாங்கித் தின்றேன்.

மறுநாள் காலை ஷிப்டில் ஆம்புலன்ஸ் உள்ளே போனது. பந்தலில் யாரோ விசில் அடித்தார்கள். அது சைரனோடு திரும்பி வெளியே வந்தது. செயலாளர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் அண்ணனுக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

கொஞ்ச நேரத்தில் கேட்டின் சின்னக் கதவு திறந்தது. அண்ணன் பையோடு வெளியே வந்தார். இரண்டு கையும் இருந்தன. சட்டையில் ரத்தம். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் முன்னால் ஓடினேன். யாரும் அடிக்கவில்லை. வழி விட்டார்கள்.

ஸ்டேஷன் வரை அவரோடு நடந்தேன். பாதி வழியில் பேசினார்.

"ஓட்ட மாட்டேன்னு சொன்னேன். சரி, நீ அந்தாண்ட போன்னுட்டு ஒடிசாக்காரன் ஒருத்தன நிக்க வெச்சாங்க. ஹிந்தி எனக்கு வராது. கைய வுடாத, கைய வுடாதன்னு சைகை பண்ணேன். அவன் சிரிச்சான். நான் வெளாட்றேன்னு நெனச்சுக்கினான்." நின்றுவிட்டார். "மூணு வெரலு நைனா. ஞாபகம் போனாலும் போவட்டும்னு அந்தக் கதையில மாதிரி தொட்டு ஆத்தறதுக்கு ஒருத்தியும் இல்லியே இங்க."

அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன், அவர் தப்பித்தார். அந்த இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேலைநிறுத்தம் அந்த மாசத்திலேயே முடிந்தது. எங்கள் கோரிக்கை ஒன்றும் நிறைவேறவில்லை. இனிமேல் வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம் என்றார்கள், போனோம். என் பிரஸ்ஸில் புது ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். பெயின்ட்கூட அடித்திருந்தார்கள். அண்ணனை எந்தக் கான்ட்ராக்டரும் எடுக்கவில்லை. திருநின்றவூரில் ஒரு குடோனில் லோடு ஏற்றப் போனார்.

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் நாங்கள் இரண்டு பேருமாகச் சென்னையில் அந்த ஒடிசாக்காரரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை. "விரல் போனவர், கும்மிடிப்பூண்டி கேஸ்" என்றோம். வார்டில் அந்தப் படுக்கையில் ஒரு தாத்தா படுத்திருந்தார். கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலேயே கான்ட்ராக்டர் ஆள் வந்து கூட்டிப்போய் ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டதாக நர்ஸ் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "அத நீங்கதான சொல்லணும்?" என்றார்.

சென்ட்ரலில் அவருடைய திருவள்ளூர் வண்டி ஒரு பிளாட்பாரத்தில் நின்றது, என்னுடையது இன்னொன்றில். அண்ணன் ஆப்பிள் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் வண்டி கிளம்பியது. அவர் எழுந்திருக்கவில்லை. நானும் உட்கார்ந்தேன்.