பழுப்பு இளைத்த மாதங்கள்

பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். துணைக்கு இரண்டு பெண் கினிப்பன்றிகள். பெயர் வைக்கவில்லை, நிறத்தைச் சொல்லியே கூப்பிடுவோம். வெள்ளை அதிகாரக்காரி. கொத்தமல்லியோ குடைமிளகாயோ கிண்ணத்தில் விழுந்தால் அவள்தான் முதலில் தின்பாள். பழுப்பு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அடித்தொண்டையில் குர்ரென்று முனகிக்கொண்டு காத்திருப்பாள்.

வயதாகி வெள்ளை இறந்துபோனாள். அதன் பிறகுதான் பழுப்பு இளைக்கத் தொடங்கினாள்.

சமையலறைத் தராசில் தினமும் காலையில் அவளை நிறுப்பேன். எண் இறங்கிக்கொண்டே போனது. கிண்ணமோ தவறாமல் காலியாகிக்கொண்டிருந்தது. மடியில் எடுத்தால் ரோமத்துக்கு அடியில் முதுகெலும்பு விரலில் தட்டும்.

பூச்சோங்கில் ஒரு பெண் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்தார்.

"பல்லு ஓகே ஆன்டி. கட்டி ஒண்ணும் இல்ல. ப்ளட் டெஸ்ட்டும் நார்மல்தான். நல்லா சாப்பிடுதா?"

"வைக்கிறது எல்லாம் காலியாயிடுது டாக்டர்."

அவர் பழுப்பின் முதுகைத் தடவிப் பார்த்தார். "அது சாப்பிடுறத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டுப் பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலைக்கு ஓடுவதுதான் என் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கொத்தமல்லி வைத்தேன். பழுப்பு வந்து முகர்ந்தாள். ஓர் இலையைக்கூடத் தொடாமல் பின்வாங்கி, கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து குர்ரென்று முனகத் தொடங்கினாள். வெள்ளை தின்னும்போது தள்ளி உட்கார்ந்து முனகுவாளே, அதே முனகல்.

வாசலில் பார்சல்காரர் மணி அடித்தார். வாங்கிக்கொண்டு திரும்பினேன். கிண்ணம் காலி. பழுப்பு உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வாயைத் தொட்டுப் பார்த்தேன்; உலர்ந்திருந்தது.

"எலியா இருக்கும்லா," என்றார் கணவர். கூண்டை நகர்த்திப் பார்த்தார், அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தார். ஒரு எலிப் புழுக்கைகூட இல்லை.

மறுநாளிலிருந்து பழுப்பைச் சமையலறைக்குத் தூக்கிப்போய், கதவைச் சாத்திவிட்டு மடியில் வைத்து ஊட்டினேன். மருத்துவர் கொடுத்த மாவைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுத்தேன். முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு என் விரலையே கடித்துவிடும் வேகத்தில் தின்றாள். தராசில் எண் மெல்ல ஏறியது.

ஒருநாள் மாலை அப்படி ஊட்டிக்கொண்டிருந்தபோதுதான், கீரையில் ஒரு பிடியைக் கூண்டிலேயே மறந்து வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. எடுக்கப் போனேன். கூண்டின் தாழ் போட்டபடியே இருந்தது. கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. அதன் பக்கத்தில் வைக்கோல் வட்டமாக அமுங்கியிருந்தது. கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

அவரும் கையை வைத்துப் பார்த்தார். "வெயில் பட்டிருக்கும்," என்றார். அந்த மூலைக்கு வெயில் வராது என்பது அவருக்கும் தெரியும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "இனிமே இதுலயும் கொஞ்சம் போட்டு வை."

போட்டேன். தினமும் காலியானது. அதைப் பற்றி நாங்கள் யாரிடமும் பேசவில்லை, எங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் போகும்போது மட்டும் இருவருமே அடியை மெதுவாக எடுத்து வைத்தோம்.

ஆண்டுக் கடைசி மழை முழுவதையும் பழுப்பு தாண்டினாள். பிறகு ஒரு மத்தியானம், என் மடியில் மென்றுகொண்டிருந்தவள் மெல்வதை நிறுத்தினாள். பண்டமாரானில் கணவரின் அண்ணனான என் மச்சாண்டார் வீட்டுத் தோட்டத்தில் அவளைப் புதைத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பழக்கத்தில் ஒரு பிடி கொத்தமல்லியைக் கூண்டில் வைத்தேன். மறுநாள் பார்த்தேன். வைத்தபடியே வாடிக் கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கணவர் என் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் போயிடுச்சு," என்றார்.