ரூட் பெயரில் ஒரு ஃபோல்டர்

திருப்பூரில் குழந்தைகள் பனியன் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அங்கே தைத்த ஒவ்வொரு பீஸும் பெட்டிக்குப் போகுமுன் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய் வரும். ஒடிந்த ஊசி முனை சிக்கியிருந்தால் மெஷின் கத்தும். உள்ளே போன பீஸ்களின் பதிவு, சர்வரில் அன்றைய தேதியிட்ட ஃபோல்டரில் தானாகச் சேரும். அந்தப் பதிவு இல்லாமல், சரக்கு வாங்கும் பையர் அதை எடுக்கமாட்டார்.

அன்று காலை கரண்ட் போய் வந்தது. சர்வர் எழுந்தது, ஃபோல்டர் உருவாக்கும் புரோகிராம் எழவில்லை. அவசரத்தில் ரூட்டாக, அதாவது சகல அதிகாரமும் உள்ள பயனராக நுழைந்து, அதைக் கையால் ஓடவிட்டேன். ஃபோல்டர் வந்தது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

பதினொன்றரைக்கு மேனேஜர் போன் செய்தார். "காலையிலிருந்து ஒரு பீஸுக்குக்கூட ரெக்கார்ட் இல்லீங்க. ரெண்டு மணிக்கு பையரோட ஆளு வர்றாருங்க."

பேக்கிங் செக்‌ஷனுக்கு ஓடினேன். மெஷினில் பீஸ் போடும் அக்காவைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள்.

"மெஷின்ல போடாமயே பொட்டி கட்டிட்டீங்களாக்கா?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணு உடாமப் போட்டனுங்க. பச்சை லைட்டு எரிஞ்சுதுங்க" என்றார் அக்கா.

திரும்பி வந்து சர்வரில் பார்த்தேன். பழைய ஃபோல்டர்கள் எல்லாம், பதிவுகளை எழுதும் இன்னொரு புரோகிராமின் பெயரில் இருந்தன. இன்றையது மட்டும் ரூட் பெயரில். நான் ரூட்டாக உருவாக்கியதால் மற்றவர்கள் அதைப் பார்க்கலாம், உள்ளே எழுத முடியாது. பாவம், பதிவு புரோகிராம் காலையிலிருந்து முயன்று முயன்று தோற்றிருக்கிறது. தோற்ற செய்தியை யாரும் திறந்து பார்க்காத ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கிறது.

ஒரு வரிக் கட்டளையில் ஃபோல்டரின் உரிமையாளரை மாற்றினேன். அடுத்த பீஸ் பதிவானது. அதன் பிறகுதான் பயம் அதிகமானது. இப்போது பதிவாகிறது என்றால், காலையில் அக்கா போடவில்லை என்றுதானே ஆகும்? நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலை போய்விடுமோ என்று ஐந்து நிமிடம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய், எல்லோர் முன்னாலும், "தப்பு என்னோடதுங்க. அக்கா போட்டது நிசம்" என்றேன்.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. பையரின் ஆளுக்குப் போன் போட்டு ஐந்து மணிக்கு வரச் சொன்னார். கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்து, பீஸ்களை மறுபடி மெஷினில் விட்டோம். நானும் நின்று மடித்தேன். பக்கத்தில் அக்கா பீஸ் போட்டுக்கொண்டிருந்தார். போட்டபடியே கேட்டார்:

"ஏன் கண்ணு, அப்ப நீ சர்வரப் பார்க்கப் போனியா, நா பொய் சொல்றனான்னு பார்க்கப் போனியா?"

அடுத்த பீஸை எடுத்து மடித்தேன்.

ஐந்து மணிக்கு வந்த பையரின் ஆள் பதிவுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சரக்கு கிளம்பியது. மறுநாள் அக்கா வேலைக்கு வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். அன்று முழுக்க உட்கார்ந்து, யார் ஓடவிட்டாலும் ஃபோல்டர் சரியான பெயரிலேயே வரும்படி புரோகிராமை மாற்றினேன்.

அதற்கு அடுத்த நாள் காலை என் போன் அடித்தது. அக்காதான். "கண்ணு, இன்னைக்குப் பதியுதான்னு பார்த்துச் சொல்லு. அப்பறந்தான் போடுவேன்."

ஒரு பீஸை மட்டும் விடச் சொன்னேன். பதிவானதும், "ஆகுதுங்கக்கா" என்றேன்.