நீலம் பூசாத குளம்

பிரிக்ஃபீல்ட்ஸில் என் மகன் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி, கார் நிறுத்துமிடம் ஒன்று இருக்கிறது. தார் போட்ட சமதரைதான். ஆனால் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் அதன் நடுவில் முந்திரிக்கொட்டை வடிவத்தில் தண்ணீர் தேங்கிவிடும். போன வாரம் மகன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு காரை எடுக்கப் போனான். "எத்தன லோரி மண்ணு கொட்டுனாலும் இந்த எடம் மட்டும் எறங்கிடுது லா. அப்படி என்னதான்பா இருக்கு கீழ?" என்று கேட்டான்.

மழை விட்ட பிறகு அங்கே ஒரு வாடை எழும். தாரும் பெட்ரோலும் கலந்த அந்த வாடைக்கு அடியில், சற்றுப் பொறுத்து முகர்ந்தால், பச்சைக் களிமண் மணக்கும். நான் சிறுவனாக இருந்தபோது இந்தப் பக்கம் முழுக்க அந்த மணம்தான். செங்கல் சூளைகள் இருந்த ஊர் அல்லவா! சீன முதலாளி ஒருவர் ஆற்றங்கரையில் தோண்டித் தோண்டி, நல்ல மண் தீர்ந்ததும் சூளையைப் பிரித்துக்கொண்டு வேறிடம் போய்விட்டார். குழி தங்கிவிட்டது. மழையும், கரை வழியே கசிந்த ஆற்று நீரும் அதை நிரப்பின. அந்தக் குளத்தின் சரித்திரம் அவ்வளவுதான். அரசன் வெட்டியதுமில்லை, முனிவர் சபித்ததுமில்லை.

ஆனால் அழகு! கிள்ளான் ஆறு அப்போது மேலே ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மண்ணைச் சுமந்துகொண்டு, பால் அதிகமாகிப்போன தேநீர் நிறத்தில் ஓடும். ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு கரை, இருபுறமும் லாலாங் புல். கரைக்கு அந்தப் பக்கம் தேநீர், இந்தப் பக்கம் கண்ணாடி. குளத்தில் மண் அடியில் தங்கித் தண்ணீர் தெளிந்திருக்கும். ஆற்றில் மீனைக் காண முடியாத மீன்கொத்திகள் எல்லாம் குளத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். சுற்றுவட்டாரத்துத் துணியெல்லாம் அங்கேதான் வெளுத்தது. ஊர் அதைச் 'செங்கல் குழி' என்றது.

இனி மாணிக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நானும் அவனும் ஒரே ஆங்கிலப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். நான் பரிசு வாங்குவேன், அவன் பிரம்படி வாங்குவான். பிறகு நான் வரைபட அலுவலகம் ஒன்றில் படங்களைப் பிரதி எடுக்கும் டிரேசர் ஆனேன்; மேசை வேலை என்பதால் ஊருக்கு நான் 'கிராணி'. அவன் சரக்கு ரயிலில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டான். முறுக்கிய மீசை, உரத்த குரல், பொய் கலந்த கதைகள். அவன் தெருவில் நடந்தால் திறக்காத ஜன்னல் கிடையாது. நான் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு அதே தெருவில் நடப்பேன். நாய்கூடத் திரும்பாது.

ஒருநாள் கிள்ளான் நகரப் பக்கத்துக் குட்டை ஒன்றிலிருந்து தாமரைக் கிழங்குகளை ஈரச் சாக்கில் சுற்றி, எஞ்சினிலேயே வைத்துக் கொண்டுவந்து செங்கல் குழியில் இறக்கினான். அடுத்த தைப்பூசத்துக்குள் குழி முழுக்கப் பூ. பத்துமலைக்குக் காவடி எடுப்பவர்கள் அங்கே குளித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவன் ரயில் அந்த இடத்தைத் தாண்டும்போது டிரைவரை நச்சரித்து ஓர் ஊது ஊத வைப்பான். துணி துவைக்கும் பெண்கள் தலைநிமிர்ந்து கை அசைப்பார்கள். அலுவலகத்தில் என் மேசைவரை அந்தச் சத்தம் வரும். வரும்போதெல்லாம் நான் இழுத்துக்கொண்டிருந்த கோடு பாதியில் நிற்கும்.

குளத்துக்கு ஒரு கௌரவமான பெயர் வேண்டும் என்று நினைத்தேன். என் கைவசம் இருந்ததே நல்ல கையெழுத்து ஒன்றுதான். பலகை ஒன்றில் 'தாமரைத் தடாகம்' என்று எழுதி, நிழல்கோடெல்லாம் கொடுத்து, கரையில் நட்டேன். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் ஓர் அம்மாள் அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ, கிராணி ஐயா எழுதுனதா இது? வழவழன்னு இருந்துச்சா, காலர் தேய்க்கத் தோதா இருக்கேன்னு எடுத்தேன்."

மாணிக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்தான். "விடுடா கிராணி. ஒன் எழுத்தால நாலு பேரு அழுக்காச்சும் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததாகத்தான் நினைவு.

அதற்குள் ஊர் தானாகவே ஒரு பெயர் வைத்துவிட்டது: மாணிக்கம் குளம். என் மனைவிகூட, கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய சில மாதங்களிலேயே, "மாணிக்கண்ணன் கொளத்துக்குப் போய்ட்டு வரேன்" என்பாள்.

"அது தாமரைத் தடாகம்."

"சரி, தடாகத்துக்கே போறேன். அந்த மாணிக்கண்ணன் கொளத்துல இருக்கே, அதுக்கு."

திரும்பி வரும்போது கையில் ஒரு பூ இருக்கும். அவளுக்கு அவன் அண்ணன்தான், அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. எனக்குப் பொறாமை மனைவிமேல் அல்ல, அந்தப் பெயர்மேல். உலகத்தில் ஒரு தண்ணீர் அவன் பெயரில் இருந்தது. என் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது.

அந்தக் காலத்து டிரேசிங் துணியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கஞ்சி போட்ட மெல்லிய நீலத் துணி. மூக்கருகே கொண்டுபோனால் இஸ்திரி போட்ட வேட்டியின் வாசம். அளவைக்காரர்கள் பென்சிலில் வரைந்து அனுப்பும் தாளின்மேல் அதை விரித்து, நாங்கள் மையில் பிரதி எடுப்போம். நீர்நிலை என்றால் நீலம் பூசி, அதன் பெயரை உள்ளே எழுத வேண்டும். ஊரையே மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை நேராக்க முடிவுசெய்தார்கள். அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. ஆற்றின் வளைவில் முந்திரிக்கொட்டை. அதற்குள் பென்சிலில், ஆங்கிலத்தில், மாணிக்கம் குளம்.

என் கையாலேயே, என் அழகான எழுத்தில், அழியாத மையில், நான் அதை எழுத வேண்டும்.

பெயரை மட்டும் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். பெயரில்லாத நீலம் பார்த்தவுடன் கண்ணில் படும், பெயர் எங்கே என்று துரை கேட்பார். அதனால் குளத்தையே விட்டேன். அந்த இடத்தில் சதுப்புக்கு உரிய சின்னப் புல் குறிகள் சிலவற்றைப் போட்டேன். என் படத்தை யாரும் பென்சில் தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில்லை. பிழையே விடாதவன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

காகிதத்தில் ஒரு கிள்ளு கிள்ளியதாகத்தான் நினைத்தேன். ஆனால் ஆற்றை நேராக்கப் புது வாய்க்கால் வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்தார்கள். சதுப்பு என்றால் யாரைக் கேட்க வேண்டும்? தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டிகள் கரைமேல் ஏறி மண்ணைக் குளத்துக்குள் கவிழ்த்தன. நான் குளத்தை வரைந்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்று தேற்றிக்கொள்ள முயன்றதுண்டு. முடியவில்லை. அதே படத்தில் சற்றுக் கீழே நான் நீலம் பூசியிருந்த வேறொரு குட்டையைச் சுற்றி அவர்கள் வண்டித் தண்டவாளத்தை வளைத்துத்தான் போட்டார்கள்.

கரித்தூள் முகத்தோடு மாணிக்கம் என் வீட்டுக்கு ஓடிவந்தான். "டேய், நீ ஆபீஸ்லதானே இருக்கே? தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுடா. மண்ணு கொட்றவங்க சதுப்புன்றாங்க. அது சதுப்பு இல்ல, கொளம்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாரு, நீ படிச்சவன்."

என்னிடம் அவன் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்கு இனித்தது. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

மறுநாள் மாலை, "சொன்னேன்டா, கேக்கல" என்றேன். நான் துரையின் அறைப் பக்கமே போயிருக்கவில்லை.

"நீயாச்சும் சொன்னியே" என்றான். சாக்கில் சுற்றிய ஒரு கிழங்கை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொட்டியில் வைத்தாள். வருடாவருடம் இலை விட்டது. ஒரு பூகூடப் பூத்ததில்லை.

அதற்குப் பிறகும் அவன் ரயில் அதே நேரத்துக்குப் போய்வந்தது. ஆனால் ஊதவில்லை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன், சக்கரச் சத்தம் மட்டும் கடந்துபோகும். பிறகு அவனை வடக்கே எங்கோ மாற்றினார்கள். அவன் சொல்லிக்கொண்டு போக வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

நேற்றும் மழை. மகன் காரை மேட்டில் நிறுத்திவிட்டு நனைந்தபடி வந்தான். "இதுக்கு ஒரு பேரு வச்சிடலாம் போல இருக்குப்பா."

"பேரு இருக்கு" என்றேன். வாழ்நாளில் முதன்முறையாக அதை என் வாயால் சொன்னேன். "மாணிக்கம் குளம்."

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்: "யாருப்பா அது மாணிக்கம்?"

ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று அந்தத் தண்ணீரை ஒட்டிக் கடந்துபோனது. ஊதவில்லை.